மகள் வீட்டுக்கு நாலு ரயில்

ஐரோப்பாவில் ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவு அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆவி பட்டுச் சிவந்த கைகளோடு ஒரு அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் எதிரில் "அப்பாடா" என்று உட்கார்ந்தார்.

"எங்க குடும்பத்துலயே நான்தான் முதல் பட்டதாரின்னு பார்க்கிறவங்ககிட்டல்லாம் சொல்ற தம்பி நீதானே?"

"ஆமாக்கா." மறைப்பானேன், எனக்கு அதில் பெருமைதான்.

"அப்போ எனக்கு ஒரு ரயில் பார்த்துக் குடு."

ஆஸ்பத்திரி முழுக்க அவர் இஸ்திரி அக்கா. கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் காலமெல்லாம் நின்றபடியே படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் கொடுத்துக் கொடுத்து, முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒரே மகள் இங்கிருந்து ஐரோப்பாவின் மறுகோடியில் இருக்கிறாள், தலைப்பிரசவம். காதில் ஆபரேஷன் ஆனதால் அக்கா விமானம் ஏறக்கூடாது. ரயில்தான் ஒரே வழி. நடுவில் மூன்று நாடுகள். சூப்பர்வைசர் கொடுத்த லீவோ ஒரே வாரம்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இருவரும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். வேகமான வழியில் நாலு ரயில். ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததைப் பிடிக்கப் பத்து நிமிஷம்தான்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? நான் படி ஏறி முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த நாட்டுக்குப் போயிருக்கும்."

வேறொரு வழியில், பெரிய நகரம் ஒன்றில் இறங்கி, ஊரின் அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்குப் பெட்டியோடு போகவேண்டும். இரவு ரயிலில் மேல் படுக்கைதான் காலி. "ஏணி வேறயா!" என்றார். எல்லாம் சரியாக அமைந்த வழியில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

"மிச்சம் மூணு நாள்ல குழந்தை பொறக்கணும். அதுக்கும் டைம்டேபிள் இருக்கா தம்பி?"

அவரை அழைத்துப் போக வரும் கணவர் பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். "நீ போய்ச் சேர்றதுக்குள்ள பேரன் உன்னை வரவேற்க ஸ்டேஷனுக்கே வந்துடுவான்" என்பார்.

"வரட்டும். பெட்டியத் தூக்க ஆள் வேணும்ல."

பாதிப் பேச்சிலேயே அக்கா நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார். ஒரு சாயங்காலம் அப்படித் தூங்கும்போது மகளின் வீடியோ கால் வந்தது. கணவர் போனைத் திருப்பி அக்காவைக் காட்டினார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கண் விழித்ததும் மகள், "எனக்கு ஆக்கிப்போடணும்னு வராதேம்மா. வந்து தூங்கு. குழந்தை பக்கத்துல நீயும் படு" என்றாள்.

போனை வைத்த பிறகு அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, திரும்பி வர்றதுக்கு ரயில் பார்க்காதே. போறதுக்கு மட்டும் பாரு."

"வேலை?"

"ஊரார் படுக்கையெல்லாம் தேய்ச்சுக் குடுத்தாச்சு. இனி நான் படுக்கிறேன்."

"அப்போ என் சாப்பாடு?" என்றார் கணவர்.

"ஸ்டியரிங் புடிச்ச கை கரண்டி புடிக்காதா?"

லீவுக் கணக்கு ஒழிந்ததும் வழி தானாகத் திறந்தது. ஸ்டேஷன் மாறும் நகரத்தில் ஒரு ராத்திரி தங்கல், இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை. பிரசவத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறந்தது பேத்தி. அக்கா இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறார். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறதாம், ஆனால் மத்தியானத்தில் தூங்குகிறாராம். கணவர் கடையில் சாப்பிடுகிறார். கீழ்த்தளத்து மெஷினில் வேறொரு பெண் நிற்கிறாள்.