இடது பச்சை விளக்கு

“டயரு தேஞ்சிருக்காம். எந்த டயரு? எவ்வளவு தேஞ்சிருக்கு? அதை மட்டும் சொல்ல மாட்டான் மகராசன்.” கோட்டைக் கழற்றாமல், நாற்காலியில் உட்காராமல், மேசைமேல் குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருக்கிறார் ராஸ்லின் வேவி. வலது கையில் மவுஸ், இடது கையில் டின்பால் ஊற்றிய தேநீர். முந்தைய நாள் விமானிகள் எழுதிவிட்டுப் போன குறைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு உண்டு. காலை ஆறு மணிக்கு, விமானக் கொட்டகையான ஹாங்கருக்குள் நுழைகிற எவர் காதிலும் முதலில் விழுவது இந்தக் குரல்தான். “கதவுல சத்தம் வருதாம். பேசுச்சா, பாடுச்சா?” அடுத்த வரிக்குப் போவார். “சீட்டு நாறுதாம். இன்னிக்கு இது ஒண்ணுதான் உண்மை.”

தாம்சன் விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஹாங்கர். பத்தொன்பது பேர் உட்காரும் சிறு விமானங்கள் இரண்டு. வடக்கே சாலை இல்லாத ஊர்களுக்கு ஆட்களையும் பாலையும் டயப்பரையும் கொண்டு போவோம். திரும்பும்போது நோயாளிகளைக் கூட்டி வருவோம். நான் இங்கே பதினாறு வருடமாக மெக்கானிக். ராஸ்லின் எனக்கு முன்பே பதினைந்து வருடம் இங்கே வேலை பார்த்தவர். அவர் ஸ்பேனர் பிடிப்பவர் அல்ல. பராமரிப்பு மென்பொருளில் திடீர் வேலைகளைப் பார்த்துக்கொள்பவர்.

இத்தனை மணி நேரம் பறந்தால் எண்ணெய் மாற்று, இத்தனை முறை இறங்கினால் பிரேக்கைப் பார் என்பதையெல்லாம் மென்பொருளே நாள் பார்த்து நினைவூட்டிவிடும். நடுவானில் கழன்றுபோகிற திருகை அதற்குத் தெரியாது. அதை ஓர் ஆள் உள்ளே ஏற்றி, எண் கொடுத்து, விமானத்தின் எந்தப் பாகத்தைச் சேர்ந்தது என்று பிரிவு போட்டு, யார் பார்ப்பது, எத்தனை நாளைக்குள் என்று கெடு வைத்து, முடியும்வரை துரத்த வேண்டும். “தேதி வச்சு வர்ற வேலை கம்ப்யூட்டரோடது. சொல்லாம வர்றது என்னோடது” என்பார். சொல்லும்போது பெருமை கொஞ்சம், எரிச்சல் நிறைய.

ஐம்பத்தெட்டு வயது. குள்ளம். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை, கோடையிலும். தன் கீபோர்டிலிருந்து அழிக்கும் பொத்தானை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எறிந்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் ரொட்டித் துணுக்கு சேரும். ஒரு குறை புரியவில்லை என்றால் எழுதிய விமானியின் வீட்டுக்கே போன் போடுவார். “தூங்குறியா? நல்லா தூங்கு ராசா. எந்தப் பக்கத்து எஞ்சின்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கு.” மெக்கானிக்குகளான நாங்கள் எழுதுவதில் ஒரு வாக்கியம் அவருக்கு ஆகவே ஆகாது. ‘சோதித்தோம், சரியாக உள்ளது.’ அதைப் பார்த்தால் மூக்கு விடைக்கும். “சரியா இருந்துச்சுன்னா அவன் ஏண்டா எழுதினான், பொழுது போகலியா?”

ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். ஒரே விமானத்தில், ஒரே பிரிவில், பதினைந்து நாளுக்குள் மூன்று முறை குறை பதிவானால் எங்கள் மென்பொருள் சிவப்பாகிவிடும். சிவப்பு வந்தால் மூல காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை விமானம் நகரக்கூடாது. வேலையை முடித்துக் கையெழுத்துப் போடும்போது பிரிவை மாற்ற மெக்கானிக்குக்கு அனுமதி உண்டு. ஆகவே மூன்றாவது முறை வரும்போது பக்கத்தில் நிற்பவன் மெதுவாகச் சொல்வான்: “இதை லைட்டுல போட்டுடேன்.” யாரும் உத்தரவு போட்டதில்லை. விளக்கு எரியாததை விளக்குப் பிரிவில் போடுவதில் என்ன பொய் என்று மனசும் சமாதானம் சொல்லும். சிவப்பு வராது. விமானம் கிளம்பும். நானும் செய்திருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. டேங்கோ கிலோ என்று நாங்கள் கூப்பிடும் விமானம் எட்டரைக்குக் கிளம்பி, ஆட்டர் நேரோஸ் போய், பதினோரு பேரை ஏற்றி வர வேண்டும். ராஸ்லின் பிறந்த ஊர் அது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவருடைய அண்ணன் அம்புரோஸ். இதய மருத்துவர் வின்னிபெக் நகரத்திலிருந்து எப்போதாவது ஒரு நாள் தாம்சன் வருவார். நாலு மாதம் காத்திருந்து அம்புரோஸுக்குக் கிடைத்த நேரம் அன்று மதியம் இரண்டு மணி. ஏரிகளின் மேல் போடும் பனிச்சாலை இன்னும் திறக்கவில்லை. எங்கள் இன்னொரு விமானம் புரொப்பல்லரைக் கழற்றிப் போட்டபடி ஹாங்கரின் மூலையில் நிற்கிறது.

முந்தின நாள் டேங்கோ கிலோவை ஓட்டிய பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆன விமானி. அவள் எழுதியதை ராஸ்லின் வாசித்தார். ‘இறங்கும்போது இடது சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி தூக்கி இறக்கியதும் எரிந்தது. வழக்கம் போல.’

திட்டு வரவில்லை. தேநீரைக் கீழே வைத்தார். போனை எடுத்தார்.

“யாரும்மா உனக்கு இதை வழக்கம்னு சொன்னது?”

அந்தப் பெண்ணின் தூக்கக் குரல் எனக்கும் கேட்டது. “எல்லாருமே சொல்றாங்க ராஸ்லின். டேங்கோ கிலோன்னா அப்படித்தானாம். ரெண்டாவது தடவை இறக்கினா எரியும்னாங்க.”

சக்கரக்காலை இறக்கியதும் அது முழுதாக விறைத்துப் பூட்டிக்கொண்டது என்று விமானிக்குச் சொல்வது அந்தப் பச்சை விளக்கு ஒன்றுதான். பூட்டாத காலோடு தரையைத் தொட்டால் கால் மடங்கும், விமானம் ஒரு பக்கமாக உழுதுகொண்டு போகும். ராஸ்லின் பிரிவு எதையும் தேர்ந்தெடுக்காமல், ‘பச்சை விளக்கு’ என்ற சொல்லை மட்டும் கொடுத்துத் தேடினார். பதின்மூன்று நாளில் ஐந்து. சக்கரப் பிரிவில் இரண்டு. மூன்றாவது மின்சாரப் பிரிவில், கனெக்டர் துடைக்கப்பட்டது. நான்காவது விளக்குப் பிரிவில், பல்பு மாற்றப்பட்டது. ஐந்தாவது நேற்றையது. நான்கிலும் கடைசி வரி, சோதித்தோம், சரியாக உள்ளது. ஐந்தையும் அச்செடுத்துக் காலைக் கூட்டம் நடக்கும் மேசைமேல் சீட்டுக்கட்டு போல வரிசையாக வைத்தார்.

“மூணாவது யாரோடது?” என்று கேட்டார். கீழே என் பெயர் பெரிதாகத்தான் அச்சாகியிருந்தது.

“என்னோடது.”

“இது மின்சாரமா ஜெரோம்?”

“கனெக்டர்ல ஈரம் இருந்துச்சு ராஸ்லின். தொடச்சேன். எரிஞ்சுது.”

“எங்க வச்சு எரிஞ்சுது?”

“இங்கதான். ஹாங்கருக்குள்ள.”

“இங்க எத்தனை டிகிரி?”

பதினெட்டு. சுவரில் எழுதியே இருக்கிறது.

மேலாளர் ஃப்ரீசன் வந்தார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பார்க்கலாம். தாள்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “ராஸ், இப்ப இதைக் கிளறணுமா? ஒரே ஒரு ட்ரிப்பு. போயிட்டு வந்ததும் சாயங்காலம் பிரிச்சுப் பாத்துடலாம்.”

“சிவப்பு போட்டுட்டேன்.”

“பதினோரு பேரு அங்க உக்காந்திருக்காங்க. உன் ஊருக்காரங்க. உங்க அண்ணன் வேற லிஸ்ட்ல இருக்காரு.”

ராஸ்லின் எழுந்தார். எழுந்தாலும் ஃப்ரீசனின் சட்டைப்பை உயரம்தான். “எங்க அண்ணன் லிஸ்ட்ல இல்லாத அன்னிக்கெல்லாம் யாரோட அண்ணன் உள்ள இருந்தான்? நாலு தடவை இது என் மேசை வழியாத்தான் போச்சு. நாலு தடவையும் நான் டீ குடிச்சிட்டு இருந்திருக்கேன். என்னைச் செருப்பால அடிக்கணும். அதுக்கப்புறம் உங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு அடிக்கணும்.”

“நான் என்ன சொல்றேன்னா…”

“உன்கிட்ட பாஸ்வேர்டு இருக்கில்ல? சிவப்பை எடுக்க உனக்கு அதிகாரம் இருக்கு. ‘பறக்கலாம், பொறுப்பு என்னோடது’ன்னு ஒரு வரி அடி. உன் பேரைப் போடு. நான் இப்பவே விமானியைக் கூப்பிடறேன்.” கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

ஃப்ரீசன் கீபோர்டைத் தொடவில்லை. “நான் அப்படிச் சொல்லலியே ராஸ்.”

“பின்ன எப்படிச் சொன்ன?”

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அந்த இடத்தில்தான். ஒரு பெண்ணின் அண்ணன் பெயரைச் சொல்லி அவள் மனதைக் கரைக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் பெயரைத் தட்ட விரல் வரவில்லை. அவள் தட்டட்டும், நாளைக்கு ஏதாவது ஆனால் அவள் தட்டியதாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

டேங்கோ கிலோவை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். ராஸ்லின் ஹாங்கர் கதவருகே போய்ப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பொத்தானை விட்டால் கதவு நின்றுவிடும், முழுதும் திறக்கும்வரை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். நின்றார். வெள்ளைப் புகை போலக் குளிர் தரையோடு ஊர்ந்து உள்ளே வந்தது. “இது ஹாங்கரா, மீன் போட்டு வைக்கிற பெட்டியா?” என்று கத்தினான் ஒருவன். “மீனாவது வாயை மூடிட்டுக் கெடக்கும்” என்றார் ராஸ்லின். விமானமும் வெளியே இருப்பதுபோல விறைக்கட்டும் என்று மூன்று மணி நேரம் கதவு திறந்தே கிடந்தது. ஸ்பேனர் கையுறையைக் கடித்தது. ஃப்ரீசன் தன் அறைக்குள் ஹீட்டரோடு இருந்தார்.

பிறகு சக்கரக்கால்களை மடக்கி இறக்கத் தொடங்கினோம். ஆறு முறையும் மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தன. ஃப்ரீசன் வெளியே வந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “இன்னும் பண்ணு” என்றார் ராஸ்லின். ஒன்பதாவது முறை இடது விளக்கு எரியவில்லை. நான் டார்ச்சோடு கீழே குனிந்தேன். கால் இறங்கியிருந்தது. ஆனால் அது வளையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டிய மூட்டு முழுதாக நிமிர்ந்து பூட்டிக்கொள்ளவில்லை. பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. மூட்டில் கிரீஸ் கட்டி தட்டிப்போய்க் கல்லாக இருந்தது. இலையுதிர்கால சர்வீஸில் யாரோ குளிருக்கு ஆகாத கிரீஸை அடைத்திருக்கிறார்கள். ஹாங்கர் சூட்டில் அது வெண்ணெயாக இளகிவிடும். நாங்கள் பல்பை மாற்றினோம், கனெக்டரைத் துடைத்தோம். பதின்மூன்று நாளாக எத்தனை குழந்தைகள், எத்தனை வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்த இடைவெளிக்கு மேலே உட்கார்ந்து வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“பல்பு பாவம்” என்றார் ராஸ்லின். “இங்க ஒழுங்கா வேலை பாத்தது அது ஒண்ணுதான்.”

அப்போது மணி ஒன்றரை. மூட்டைக் கழற்றி, கழுவி, சரியான கிரீஸ் வைத்து, மறுபடி குளிரில் சோதித்து முடிக்க ராத்திரி ஆகிவிடும். மறுநாள் காலையில்தான் டேங்கோ கிலோ பறக்கும். மருத்துவர் அன்று மாலையே வின்னிபெக் திரும்பிவிடுவார்.

ஃப்ரீசன் ராஸ்லின் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நல்ல வேளை, கண்ணுல பட்டுச்சு. சர்வீஸ் பண்றப்ப கண்டுபிடிச்சதா ஒரு புது வேலையாப் போட்டுடு. அந்தப் பழைய அஞ்சையும் எதுக்கு இதோட முடிச்சுப் போடணும்? அரசாங்கத்துக்கு அறிக்கை போகும், ஆளு வருவான், எல்லாருக்கும் தலைவலி.”

“முடிச்சுப் போட்டாச்சு. அஞ்சும் ஒரே நம்பர் கீழ கெடக்கு.”

“ராஸ், இவனோட லைசென்ஸையும் யோசி” என்று என்னைக் காட்டினார். கையெழுத்துப் போட நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“யோசிச்சேன். அவன் பேரு இருக்கு. நாலு தடவை பாக்காம விட்டது ராஸ்லின் வேவின்னு என் பேரும் இருக்கு. உன் பேரு மட்டும் இல்ல. வேணும்னா சேத்துக்கறேன்.”

ஃப்ரீசன் போய்விட்டார். ராஸ்லின் தட்டிக்கொண்டிருந்தார். நான் என் பழைய பதிவில், ‘குறை அன்று சரி செய்யப்படவில்லை’ என்ற வரியைச் சேர்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு நின்றேன். போன் அடித்தது.

அம்புரோஸ். அவர் குரல் ரிசீவரை மீறி வந்தது. முதலில் அவர்களுடைய கிரீ மொழியில், பிறகு எனக்கும் புரிகிற ஆங்கிலத்தில். “காலையில எட்டு மணியில இருந்து பொட்டியோட உக்காந்திருக்கேன். டாக்டரு அடுத்து ஏப்ரல்லதான் வராராம். அது வரைக்கும் என் நெஞ்சு ஓடுமான்னு உன் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லு தங்கச்சி.”

ராஸ்லின் கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரு பிளைட்டை நிறுத்தினது?” என்று கேட்டார் அண்ணன்.

“நான்தாண்ணே.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு சரியில்லை என்பது எனக்கே தெரிந்தது.

“ஏன்?” என்றார் அம்புரோஸ்.

ராஸ்லின் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலேயே அதைக் கிரீஸ் படிந்த என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.