உட்கார்ந்து பார்க்காத சோபா

கொழும்பு, கொட்டாஞ்சேனைச் சோபாப் பட்டறையில் ரெக்சின் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி போனை மேசையில் போட்டுவிட்டுக் கத்தினார்.

"வெள்ளவத்தை சோபா ஒரு பக்கம் இறங்கிட்டுதாம்! அந்த மனுசி என்னைக் கிழிச்சுப்போட்டா. அதுக்குப் பட்டி அடிச்சது ஆர்?"

"மரியதாஸ்," என்றேன்.

"இனி அவனை வர வேண்டாமெண்டு சொல்லு."

மரியதாஸ் என் தங்கச்சியின் புருஷன். தெமட்டகொடையில் பார்த்த வேலை போய், மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவன். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இங்கே சேர்த்துவிட்டேன். தங்கச்சிக்கு அப்போது நிறைமாதம்.

அவன் பட்டி அடித்ததில் பிழையே இல்லை. சோபாவின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, ஸ்டேப்ளர் அடித்து இறுக்குகிற பட்டிதான் ஆளின் பாரத்தைத் தாங்குவது. லொறியில் ஏற்றி இறக்கி, படிக்கட்டில் சரித்துத் தூக்கும்போது மரச்சட்டம் முறுகி, சிலவேளை பட்டி கழன்றுவிடும். வெளியே தெரியாது. அதனால்தான் வீட்டில் இறக்கியதும் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து பார்ப்போம். 'டக்' என்று கேட்டால், அங்கேயே புரட்டிப்போட்டு அடித்துவிட்டு வரலாம்.

சோபாவைக் கொண்டுபோன அன்றைக்கு, அந்த வெள்ளவத்தை பிளாட்டில் லிப்டில் சாமான் ஏற்ற விடவில்லை. நானும் மரியதாஸும் நாலாம் மாடிக்குத் தூக்கினோம். மூச்சு வாங்க இறக்கி வைத்து, "இருக்கலாமா?" என்று கேட்டபடி உட்காரப் போனேன்.

"ஐயோ, அதில இருக்காதேங்கோ!" என்றார் வீட்டுக்கார அம்மா. "புதுத் துணி. நீங்கள் வேர்த்து ஊத்திக்கொண்டு நிக்கிறியள்."

"செக் பண்ண வேணும், மேடம்."

"கையால அமத்திப் பாருங்கோவன்."

கையால் அமத்தினால் என்ன மண்ணாங்கட்டி தெரியும்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். பிறகு வந்த விருந்தாளி உட்கார்ந்ததும் சீட் இறங்கிவிட்டது.

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன்.

"அதை நான் கஸ்டமரிட்டச் சொல்லேலுமே? போய் அடிச்சுக் குடு. சரியெண்டு அவ எனக்குப் போன்கோல் எடுத்தால், உன்ர மச்சான் வேலையில நிக்கட்டும்."

மரியதாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். சோபாவைப் புரட்டினால், ஓரத்தில் பட்டி கழன்று தொங்கியது. அடித்து நிமிர்த்தி வைத்தோம்.

"எங்க, இப்ப இருந்து காட்டுங்கோ," என்றார் அந்த அம்மா.

உட்காரக் குனிந்தேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ."

உள்ளே போய்ப் பழைய பேப்பர் கொண்டுவந்து சீட்டில் விரித்தார்.

மரியதாஸ் என் கையைப் பிடித்தான். "விடு மச்சான், போவம். வேலை போனால் போகட்டும்."

போயிருக்கலாம். தங்கச்சியை நினைத்தேன். பேப்பரின் மேல் உட்கார்ந்தேன்.

"நல்லா அமந்து இருங்கோ."

பாரம் முழுக்கப் போட்டு அமந்தேன். சத்தம் வரவில்லை. நான் எழும்பியதும் அந்த அம்மா பேப்பரைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். ஒரு துணி எடுத்துச் சீட்டையும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் முதலாளிக்குக் கோல் எடுத்தார்.

"ஓம், இப்ப நல்லா இருக்கு."

மச்சானின் வேலை தப்பியது.  அந்தப் பேப்பரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. 

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஸ்டேப்ளர் பிடிக்கப் பழகலாம், துணி வெட்டப் பழகலாம். சோபாவை இறக்கி வைத்ததும் "இருக்கலாமா?" என்று மட்டும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவர்கள் வாய் திறக்க முதல் உட்கார்ந்துவிடுங்கள்.