காலர் மைக்கில் நின்றுபோன மூச்சு

கடையில் இருந்த, கேமராவோடு இணைக்கும் சின்ன மானிட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வாசலை நோக்கி நடந்தபோது, கடைக்காரப் பெண் என் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்பது பிறகுதான் உறைத்தது. பனியன் தைக்கும் எங்கள் ஊர் வேலம்பாளையத்தில் துணியின் நிறத்தை டியூப்லைட்டில் பார்த்து யாரும் ஓகே செய்வதில்லை. கதவருகே கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்தால்தான் மனசு ஒப்பும். "வெளிச்சம், வெளிச்சம்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் மேலே எரிந்த விளக்கைக் காட்டினார். கடைசியில் நடைபாதைப் பனியின் முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இரண்டிலும் என் முகம்தான் தெரிந்தது.

நான் பனியன் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஆஸ்திரியாவில் மலையடிவாரத்தில் காலுறை பின்னும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாக வேலை. ஐந்து வயதில் இங்கே வந்த என் மகள் யாழினிக்கு இப்போது பதிமூன்று. சைக்கிள் ஓட்டுவதுபோலப் பனிச்சரிவில் ஸ்கீ ஓட்டுகிறாள். எனக்கோ அந்தச் சரிவில் நேராக நிற்கவே பயம். அவளுடைய ஸ்கீ கிளப்பில் பெற்றோர் எல்லோரும் ஒரு வேலை செய்தாக வேண்டும். ஸ்கீ தெரியாத என் தலையில் பயிற்சியைப் படமெடுக்கும் கேமரா வேலையைக் கட்டிவிட்டார்கள்.

படம் மட்டும் போதாது, ஒலியும் வேண்டும் என்றார் பயிற்சியாளர் மார்ட்டின். ஸ்கீ கட்டை பனியை அறுக்கும் சத்தத்தை வைத்தே யார் தடுமாறுகிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். எனக்கு அது உடனே புரிந்தது. நானும் சத்தத்தைக் கேட்டே ஊசி உடைந்த மெஷினைக் கண்டுபிடித்தவன். கேமரா மேல் ஒரு மைக், ஓடுகிறவர் கழுத்தில் ஒரு காலர் மைக் என்று முடிவு செய்தேன். கேமரா மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் நீள ரோம உறை வாங்கினேன். காலர் மைக்கோடு வந்த ஸ்பாஞ்சு காற்றில் வெறும் இரைச்சலைத்தான் கொடுத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தித் துணியில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றி நூலால் கட்டினேன். வீட்டில் பேசிப் பார்த்தபோது மணி மணியாகக் கேட்டது.

பெற்றோர் கூட்டத்தில் மார்ட்டின் சொல்லியிருந்தார்: மலைக்குப் பருத்தி வேண்டாம். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பருத்தி சோறு போட்ட ஊர்க்காரனிடம் சொல்கிற பேச்சா அது? ஆனாலும் மகளுக்குக் கம்பளி உள்ளாடைதான் போட்டுவிட்டேன். மைக்குக்கு என்ன, குளிரவா போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சியில் முதலில் ஓடியவள் யாழினி. பாதிச் சரிவில் வளைவோரமாக நான் நின்றிருந்தேன். ஹெட்போனில் அவள் மூச்சும் கட்டையின் சரசரப்பும் கேட்டன. திடீரென்று மேகம் இறங்கியது. மானிட்டரில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், அதே வெள்ளை. அவள் மூச்சு மெல்ல மங்கியது. பிறகு அதுவும் இல்லை.

ஊரில் கரண்ட் போனால் எல்லா மெஷினும் ஒன்றாக நிற்கும். யாரும் பதற மாட்டோம். ஒரு மெஷின் மட்டும் தனியாக நின்றால்தான் அடித்துப் பிடித்து ஓடுவோம். மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. என் மெஷின் மட்டும்தான் நின்றிருந்தது. மரத்தடிப் பனிக்குழியில் தலைகீழாக விழுந்தால் சில நிமிடம்தான் உயிர் தாங்கும் என்று அதே கூட்டத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. உதவிக்கு ஆள் வர, சரிவோரத்தில் நட்டிருக்கும் கம்பத்தின் எண்ணை வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். எட்டு வருட ஜெர்மனில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முழங்கால் பனியில் மேலே ஏறினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மேகத்துக்குள்ளிருந்து சர்ரென்று வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"என்னாச்சுங்கப்பா? ஏன் அழுவறீங்க?"

அவள் கழுத்தைத் தொட்டேன். மூச்சின் ஈரத்தையெல்லாம் குடித்து, என் பருத்தித் துண்டு கல்லாக உறைந்திருந்தது. உள்ளே மைக் அடைபட்டுக் கிடந்தது. பின்னால் வந்த மார்ட்டின் அதை விரலால் தட்டிப் பார்த்தார். திட்டவில்லை. என் தோளில் கை வைத்தார். திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

மாலையில் கிளப் கூடத்தில் படம் போட்டார்கள். பிள்ளைகள் முன்வரிசையில், யாழினி நடுவில். நான் கடைசியில், சுவிட்ச் பக்கத்தில். திரையெங்கும் வெள்ளை வந்ததும், கேமரா மைக் பிடித்துவைத்திருந்த என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"கண்ணு, எங்கிருக்கறே? ஒரு சத்தங் குடு கண்ணு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மார்ட்டின் யாழினியிடம், அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டார். என்னைக் கூப்பிடுகிறார் என்று அவர்கள் மொழியில் சொன்னாள். ஒலியை நிறுத்திவிடலாமா என்று அவர் என்னைப் பார்த்துச் சைகை செய்தார். அதற்குள் என் குரல் இன்னொரு தடவை கூப்பிட்டது, சத்தங் குடு என்று.

தோழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள், திரையின் வெள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாள்:

"இங்கதானுங்கப்பா இருக்கறேன்."