எட்டு வாழ்த்துரையும் ஒரு பெயரும்

சென்ற ஞாயிறு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு புத்தக நிகழ்வு. நம்மவர்கள் நடத்தியது... ஆகவே நான்கு மணி என்று போட்டு ஐந்தரைக்குத் தொடங்கினார்கள். எட்டு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள்.

விருந்தாளி மர்தின் என்ற பிரெஞ்சு அம்மையார். எழுத்தாளர், பத்திரிகையாளர். எண்பதுகளில் ஈழத்திலிருந்து நம் ஆட்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, இளம் நிருபராக அவர்களைத் தேடிப் போய்ப் பேசியவர். இப்போது தன் வாழ்க்கைக் கதையை எழுதி முடித்திருக்கிறார்; இன்னும் அச்சாகவில்லை. அதில் ஓர் அத்தியாயம் யோகம் அக்காவைப் பற்றியது.

வந்த ஆறாம் மாதமே அகதி முகாமில் மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அக்கா. அந்தப் பக்கங்களை அவர் முன்னால் ஜெர்மன் மொழியில் வாசித்து, பிழை திருத்திக்கொண்டுதான் அச்சுக்கு என்று மர்தின் சொல்லியிருந்தார். அதற்காகவே கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரயிலேறி வந்து முன்வரிசையில் இருந்தார் அக்கா.

"என்ர பிள்ளையின்ர பேரை அவ வாசிக்கிறதைக் கேக்கவேணும், தம்பி" என்றார் என்னிடம்.

வாசிக்க விட்டார்களா?

விளக்கேற்றல். வரவேற்புரை. தலைமையுரை. பிறகு வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை — எட்டு ஆண்கள்! எட்டுப் பேரும் சொன்னது மர்தினின் வாழ்க்கையைத்தான். அதுவும் அன்று காலை இணையத்தில் பொறுக்கியது. அவர் பிறந்த ஊர் என்று மூன்று ஊர்களைச் சொன்னார்கள். ஒருவர் அவரைப் பேராசிரியராகவே ஆக்கிவிட்டார். இன்னொருவர் சொந்தக் கவிதையைப் பாடினார். அதற்கும் அம்மையாருக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரியாது. மர்தினோ தன் வாழ்க்கையைத் தனக்குத் தெரியாத தமிழில் கேட்டபடி, பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மைக் பைத்தியத்துக்கு மருந்தே இல்லையா? கடல் தாண்டினோம், புது மொழி படித்தோம், ஜெர்மன்காரனே அசரும்படி வேலைக்கு நேரத்துக்குப் போகிறோம். மேடை ஏறினால் மட்டும் இறங்கத் தெரியவில்லை. வெட்கங்கெட்ட கூட்டம்!

மர்தின் எழுந்தபோது மணி ஏழு ஐம்பது. மண்டபத்தைப் பூட்டும் பொறுப்பாளரான ஹவுஸ்மைஸ்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மர்தின் ஒரு பக்கம் வாசித்தார். விமானம் இறங்கியது, குளிர் வந்தது, மகளுக்கு யாரோ கொடுத்த சிவப்புக் கம்பளிச் சட்டை வந்தது... அதோடு விளக்கு அணைந்தது. மீதிப் பக்கங்களை அக்காவின் கையில் வைத்து, அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, பாரிஸ் ரயிலுக்கு ஓடினார்.

வாசலில் அக்கா என்னைப் பிடித்தார்.

"பிள்ளையின்ர பேர் வந்ததோ, தம்பி? அவவின்ர உச்சரிப்பில எனக்குப் பிடிபடேல்லை."

"இல்லையக்கா. நேரம் காணேல்லை."

"ஓம்... வீட்டில ஆரையும் கொண்டு வாசிப்பிக்கலாம். ஆனா சபையில ஒருக்கா கேக்கவேணும் எண்டு ஆசைப்பட்டனான்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால், எட்டாவதாக மேடையேறிப் பதினான்கு நிமிடம் முழங்கியவன் நான்தான்.

அந்தப் பிள்ளையின் பெயர் சுகந்தி. சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.