உப்புத் தண்ணி

மீன்தொட்டி வேலைக்கு வரும் அந்த மனிதருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் முதலில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைப்பார். நரைத்த மீசை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெப்பமானி. நாமக்கல்லில் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியை அவர்தான் அமைத்துக் கொடுத்தார்.

மூன்றே மாதத்தில் அதிலிருந்த கடல் சாமந்தி, பூப்போலத் தெரியும் அந்தக் கடலுயிர், சுருங்கிவிட்டது. பூவாய் விரிந்திருந்த விரல்கள் சுருண்டு, வாய் பிளந்து, பாறையில் ஒட்டாமல் கிடந்தது. கூப்பிட்டதும் வந்தார். விரலை நாக்கில் வைத்தவர் இன்னொரு தரம் நனைத்து வைத்துப் பார்த்தார்.

"உப்பு பாதிகூட இல்லீங்களே. வாராவாரம் தண்ணி மாத்துனீங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியே ஒரு வாளி எடுத்துட்டு ஒரு வாளி உப்புத் தண்ணி ஊத்துனேனுங்க."

"எதுலருந்து புடிச்சீங்க?"

கொல்லையில் இருந்த போர் குழாயைக் காட்டினேன். குடிப்பது நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் கொடுத்துவிட்டுப் போன கடலுப்பு மூட்டை தொட்டிக்கடியில் பிரிக்காமலே இருந்தது.

அவர் குனிந்து மூட்டையின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்கூட்லயும் அதுக்கு அதே பேருதானுங்க" என்றார். "எல்லார் ஊட்லயும் இப்படியே சொல்லிட்டு வந்துட்டனே."

தரையில் உட்கார்ந்து போனை எடுத்தார். "ஏனுங்க, உப்புத் தண்ணி ஊத்தச் சொன்னனே, எதை ஊத்தறீங்க?"

அடுத்தடுத்து அவர் கூப்பிட்ட மூன்று வீட்டிலும் போர் தண்ணீர்தான். நான்காவது எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அதை அழுத்தாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.