வாசோவுக்கு முன்னால் காலி

“வாசோ பௌர்ணமிக்கு முன்னாடி அந்த வீடு காலியாயிடணும்.”

படியேறும்போது இரண்டாம் மாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பர்மிய மொழியில் காதில் விழுந்தது. போனில் பேசியது எங்கள் வீட்டுக்கார அம்மா டோ சான். அவர் வாடகைக்கு விட்டிருப்பது ஒரே வீடு: ஐந்தாம் மாடியில் நானும் அம்மாவும் இருக்கிற வீடு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே இதுதான். தாமுவே வட்டாரத்தில் ஒரு வீட்டுத் தரகர் கடையில் வேலை. ஒப்பந்தம் முடியப்போகிற வீடுகளின் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து, “நீட்டிக்கிறீங்களா?” என்று கேட்க வேண்டும். பிறருக்காகக் கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நல்ல குடித்தனக்காரர்

அந்த வாரம் ஒரு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். குடியிருப்பவரைப் புகழ்ந்து தள்ளினார். சத்தமே கிடையாதாம், சொந்தச் செலவில் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்திருக்கிறாராம். எனக்கும் தைரியம் வந்து, நீட்டிப்பதைப் பற்றிக் கேட்டேன்.

“எப்படிம்மா? அவரு வச்சிருக்கிற அழகைப் பார்த்ததும் என் மகளுக்கே அங்க குடிவரணும்னு ஆசை வந்திருச்சே!”

காதர் பாயின் கணக்கு

வாசோ பௌர்ணமி தொடங்கி மூன்று மாதம் பிக்குகள் மடத்தை விட்டு வெளியே தங்கமாட்டார்கள். பர்மியர்கள் அந்த மாதங்களில் வீடு மாறமாட்டார்கள், கல்யாணமும் வைக்கமாட்டார்கள். நம் ஆடி மாதம் மாதிரிதான், நீளம் மட்டும் அதிகம். அந்தப் பௌர்ணமிக்குள் ஆளை வெளியேற்றப் பார்க்கிறவர்களும் உண்டு, அதுவரை ஒளிந்து திரிகிறவர்களும் உண்டு.

எங்கள் தரகர் கடைக்குப் பக்கத்துத் தையல்கடை காதர் பாய் இரண்டாவது ரகம். வீட்டுக்காரர் தேடினால் கடையின் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். பௌர்ணமி வரை தன்னைப் பார்க்கவேயில்லை என்று சொல்லிவிடும்படி எங்களிடம் கேட்டுக்கொண்டார்.

“இதெல்லாம் உங்க பண்டிகை இல்லையே, பாய்?” என்றேன்.

“அவரு பௌத்தர், நான் முஸ்லிம், நீ இந்து. மூணு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு பௌர்ணமிதான் காவல், தங்கச்சி.”

கயிறு

ஒளிவதற்கு எங்களுக்கு வழியில்லை. ஐந்தாம் மாடிக்குப் போக இரண்டாம் மாடியைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? டோ சான் கதவு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். ஒரு நாள் அப்படி வீட்டுக்குள் போனால் அம்மா சமையலறைச் சுவருக்கு வெள்ளையடிக்கத் தயாராக நின்றாள். பதறிப்போய்த் தடுத்தேன். காரணத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மா பால்கனிக்குப் போய், தெருவரை தொங்கும் கயிற்றை மேலே இழுத்தாள். கீரைக்காரி கீழேயிருந்து இழுத்து மேலே கட்டிய மணியை ஆட்டுவதும், நுனிக் கிளிப்பில் பையை மாட்டிவிடுவதும் அதில்தான். அவிழ்த்துச் சுருட்டி, முதல் சாமானாக மூட்டையில் வைத்தாள்.

“ஆடி பொறந்தா நான் நகரமாட்டேன், வாசோ பொறந்தா அவங்க நகர்த்தமாட்டாங்க. நடுவுல கிடக்கிற நாளை எப்படிடீ தள்றது?”

என் மேசைக்கு எதிரே

பௌர்ணமிக்கு முந்தின நாள் டோ சான் குடையோடு கடைக்குள் வந்து, என் எதிரே உட்கார்ந்தார். முதலாளி கோ மியோ டீ குடிக்கப் போகிற சாக்கில் நழுவிவிட்டார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்தார்.

“என் தங்கச்சி மகன் குடும்பத்தோட அங்க குடிவர்றதா இருந்துச்சு,” என்றார் கடைசியில். “நாளைக்குப் பௌர்ணமி. இன்னும் பஸ்கூட ஏறல.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

“ஊரையெல்லாம் கேக்கிறியே, பொண்ணு. என்னையும் கேளேன்!”

கேட்டேன். தடிஞ்சு விளக்குத் திருவிழா வரைக்கும் இருக்கலாம் என்றார். மூன்று மாதக் கெடு முடிவது அன்றைக்குத்தான். ஆக, அதை அடுத்து வரும் தீபாவளிப் பலகாரம் எந்த வீட்டு அடுப்பில் என்று அப்போது கவலைப்பட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா மூட்டையைப் பிரித்து, கயிற்றை மட்டும் எடுத்து, பால்கனியில் கட்டித் தெருவுக்கு இறக்கினாள்.