ஊசலுக்கு ஒரு நூல்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பெட்டியை எடை பார்த்தது. அவன் வெளியூர் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். அம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எடை மெஷினில் ஏறினார். பிறகு பெட்டி இல்லாமல் ஏறினார். கழித்தார். மறுபடி ஏறப் போனார்.

“ஒரு தடவை போதும்மா.”

“ஒரு தடவை பார்த்தா அது அளவு இல்லடா, வதந்தி. நீ ஏறு.”

அவன் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். ஊரார் கருவியில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவன். தன் எடையைப் பார்த்ததும் மெஷின் பழுது என்றான்.

அம்மா கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் நடத்தினார். முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் புத்தகம் தர மாட்டார். ஊசலைத் தொங்கவிட்டு, “இது மெதுவா ஆட என்ன பண்ணலாம்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் பூட்டு, செருப்பு, டிபன் பாக்ஸ் எல்லாம் கட்டித் தொங்கவிட்டு, எடையால் ஒன்றும் ஆகாது, நூலின் நீளம்தான் கணக்கு என்று தாங்களே விழி பிதுங்கக் கண்டுபிடிப்பார்கள்.

“மேடம், புத்தகத்துல இருக்கிற விடையே வந்திருக்கு!”

“அப்ப மார்க்கைப் புத்தகத்துக்கே போட்டுடறேன்.”

இந்த வருடம் ஒரு மாணவி, ஊசலை வைத்துப் புவியீர்ப்பைக் கணக்கிடும் பரீட்சையில் தனக்கு வந்த விடையை அப்படியே எழுதினாள். புத்தக விடையைவிட ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பூஜ்யம் போட்டார். அம்மா மட்டும் அவளை நம்பினார். ஊசல் குண்டைக் கட்டும் முன்பே நூலை அளந்திருப்பாள். கட்டியதும் நூல் நீண்டிருக்கும், அதனால் விடை குறைந்திருக்கும் என்பது அம்மாவின் கணிப்பு. அந்த நூலை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். அதே ரகம் வாங்கிச் செய்து காட்டுவதாகக் கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குள் அம்மாவுக்கு நெஞ்சுவலி. சேதி கேட்டு மகன் வெளியூரிலிருந்து ஓடி வந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

“இன்னொரு தடவை பாருங்க, சராசரி எடுத்துக்கலாம்” என்றான் மகன்.

“சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

நின்றான். அம்மா போனபோதும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அந்த மாணவி போன் செய்தாள். “அண்ணா, நாளைக்கு முதல்வர் வரச் சொல்லியிருக்கார். மேடம் நூல் வாங்கி வச்சிருந்தாங்களா?”

தையல் சாமான் கடைக்குப் போனான்.

“என்ன நூல்? சட்டைக்கா, போர்வைக்கா?”

“ஊசலுக்கு. எடையைக் கட்டினா நீளணும்.”

“எல்லாரும் நீளாத நூலைத்தான் கேப்பாங்க” என்றபடி கடைக்காரர் பெட்டிகளை இறக்கினார்.

எந்த ரகம் என்று அம்மாவிடம் அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

“தம்பி, வாங்கிட்டு இழுங்க.”